அவெலுய் கல்பாதை

காலையில் எஞ்சினை முடுக்கினால்
முதலில் பின்புறம் எழும்,
மாடு எழுவதுபோல.
அப்புறம் சற்று யோசித்து முன்புறம்.
அதற்குள் நான் பாதி சிகரெட் முடித்திருப்பேன்.
உயிர் போகிறது என்று யார் கத்தினாலும்
இந்த சித்ரோயன் டிஎஸ்
முழு உயரத்துக்கு வராமல் கிளம்பாது.
மருத்துவமனை நிர்வாகி இதைக்
குறை என்று எழுதிவைத்திருக்கிறார்.

என் பெயர் ஃபிர்மேன் தெல்க்ருவா.
ஆம்புலன்ஸுக்கு முன் ஓட்டியது நிலக்கரி லாரி.
ஸ்பிரிங் என்றால் எஃகு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
இதிலோ சக்கரத்துக்கு ஒன்றாய் உருண்டைகள்.
உள்ளே மேல்பாதி நைட்ரஜன், கீழ்ப்பாதி பச்சை எண்ணெய்,
நடுவே ஒரு ரப்பர் தோல்.
கல் இடித்தால் எண்ணெய் ஏறும், காற்று குறுகும்,
குறுகியது மெல்ல மூச்சுவிட்டு விரியும்.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
இது உள்ளே தளும்பித் தளும்பியே
மேலே தளும்பாமல் போகிறது.
இதை யோசித்தவனை நான் பார்த்ததில்லை.
பார்த்தால் ஒன்றுதான் கேட்பேன்:
அன்று இரவு தூங்கினாயா?

நவம்பர். சர்க்கரை ஆலை.
பீட்ரூட் கழுவும் மேடையிலிருந்து விழுந்தவள்
கிஸ்லேன் வாக்கே.
முதுகெலும்பில் எங்கோ முறிவு.
குலுங்கினால் கால் இரண்டும் போய்விடும் என்றார் ஆலை மருத்துவர்,
அவள் காதுபடவே.
நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்து அடைப்பு.
மிஞ்சியது அவெலுய் பாதை:
இரண்டரை கிலோமீட்டர், கருங்கல் பாவியது,
ஒவ்வொரு கல்லும் ரொட்டி அளவு,
ரொட்டி போலவே முதுகு உப்பியது,
மேலே பீட்ரூட் வண்டிகள் உதிர்த்த சேறு.
லாரிக் காலத்தில் அங்கே
என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருக்கிறது.

பிரேக் மிதி என்று இதில் கிடையாது.
தரையில் காளான்போல ஒரு ரப்பர் குமிழ்.
முதல் நாள் லாரிக்காலால் மிதித்தேன்,
நர்ஸ் போலெத் முன்கண்ணாடியில் போய் முட்டினாள்.
அன்றிலிருந்து பெருவிரலால் தொடுகிறேன்,
உறங்கும் பூனையின் வாலைத் தொடுவதுபோல.

சவுக்கு முனைபோல ஒரு வளைவு.
நான் திருப்பத் திருப்ப
உள்விளக்குகள் எனக்கு முன்பே
மூலையில் எட்டிப் பார்த்தன.
இருட்டில், வண்டியிலிருந்து சரிந்த பீட்ரூட்,
பாதி பாதையை மூடிக் குவியலாய்.
நேரே பார்க்கும் விளக்காக இருந்தால்
வெறும் வயலைக் காட்டியிருக்கும்.
பெருவிரல்.
இடப்பக்க நெம்புகோலை ஒரு படி ஏற்றினேன்.
ஆற்றில் இறங்குகிறவன் உடையை வழித்துக்கொள்வதுபோல
உடம்பை உயர்த்திக்கொண்டு
குவியலின் ஓரமாக ஊர்ந்து கடந்தது.

பின்னாலிருந்து கிஸ்லேன்:
"இன்னும் எதற்கு நிற்கிறோம்?
கிளம்புங்கள் ஐயா, வலிக்கிறது."
போலெத் என்னைப் பார்த்தாள்.
கற்களில் பாதியைத் தாண்டியிருந்தோம்.
"இதோ" என்றேன்.

புகழ்பாட வரவில்லை.
பிப்ரவரியில் இதே வண்டி, குழாய் வெடித்து,
ரொட்டிக்கடை வாசலில் பச்சை ரத்தம் கொட்டி,
வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது.
உள்ளே நிமோனியாவோடு ஒரு கிழவர்.
ஸ்டீயரிங் கல்லானது. நான் சொன்ன வார்த்தைகளை
எழுத மாட்டேன்.

வாலன்சியேனில் அவளை இறக்கினோம்.
நான் படிவம் நிரப்பும்போது
மழையில் தனியே நின்ற வண்டி
கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது.
புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம்.
நடுவில் ஏதாவது நடந்ததா என்று
கட்டம் இல்லை.
மூன்றாம் நாள் இடது கால் விரலை அசைத்தாளாம்.
வலது காலைப் பற்றி யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
மைத்துனன் சைக்கிளை வாங்கிக்கொண்டு
அவெலுய் பாதைக்குப் போனேன்.
அன்று என்னிடமிருந்து எதையெல்லாம்
அது மறைத்தது என்று பார்க்க.
முதல் நூறு கற்களிலேயே
உள்ளங்கை மரத்தது, தொப்பி விழுந்தது.
மணியை நான் அடிக்கவே இல்லை.
கடைசிக் கல்வரை
அது தானாக அடித்துக்கொண்டே வந்தது.